இரண்டாம் வாசல்

மார்ச் 3, செவ்வாய்

தேதி சொல்லிவிட்டார்கள்!

ஆறு வருடம். ‘கரைக்காவல்’ இரண்டாம் பாகம் வருகிறது, வருகிறது என்று சொல்லியே ஆறு வருடம் ஓட்டினார்கள். இப்போது உறுதியாகிவிட்டது. முழு விளையாட்டு ஆகஸ்டில். அதற்கு முன்னால், இந்த மாதம் இருபதாம் தேதி பீட்டா திறக்கிறது. பத்து நாள் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஆடிப் பார்க்கலாம், குறை இருந்தால் சொல்லலாம், அவர்கள் திருத்திக்கொள்வார்கள். குறை சொல்ல வாருங்கள் என்று அழைப்பு வைக்கிறார்கள், அதுவும் எனக்கு! எங்கள் வீட்டில் அதற்கு யாரும் என்னை அழைத்ததில்லை. நானாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம்.

செய்தி வந்தபோது கிளினிக்கில் ஒரு பூனையை எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையால் பூனையை எடை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது: முதலில் துண்டை எடை போட வேண்டும், பிறகு துண்டோடு பூனையைச் சுருட்டி வைக்க வேண்டும். போன் அதிர்ந்ததும் எட்டிப் பார்த்தேன். பூனை துண்டை உதறிவிட்டு மருந்து அலமாரி மேல் ஏறிக்கொண்டது. அதைக் கீழே இறக்க டாக்டரம்மாவே வரவேண்டியிருந்தது.

பின்னொரு நாள் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது கைக்குப் போகும் நரம்பு தோளோடு அறுந்துபோனது. கை இருக்கிறது. தொங்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எல்லாவற்றையும் இடது கையால் பழகினேன், இந்த எழுத்து உள்பட. ஆனால் விழுவதற்கு முன் செய்ததை விழுந்த பிறகும் அதே அளவுக்குச் செய்ய முடிந்தது கரைக்காவலில் மட்டும்தான். கடற்கோட்டை ஒன்றை மூன்று பேர் காக்க வேண்டும். என்னோடு ஆடும் இரண்டு பேருக்கும் அங்கே பட்டப்பெயர்தான்: வாத்தி வில், ஆம்புலன்ஸ் மருந்து, நான் கேடயம். என் பெயர் அங்கே மதில். பழைய ஆட்டத்தில் எந்த விசையை எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இடது கை மௌஸ், அதன் பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான்கள், நடப்பதற்குக் காலடியில் ஒரு பெடல். பெடல் இவர் செய்து கொடுத்தது. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதில் கண்ட பலன்.

இரண்டாம் பாகம் வந்ததும் பழைய ஆட்டத்தின் சர்வரை மூடிவிடுவார்களாம். பரவாயில்லை, புதுக் கோட்டைக்குக் குடிபோவோம்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் மூன்று முறை முன்னோட்ட வீடியோ பார்த்தேன். அந்தக் கேடயத்தின் விளிம்பில் கடல் உப்பு படிந்திருக்கிறது. உப்பு! எவனோ உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறான். அவன் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா வீட்டில் சாப்பாடு. அண்ணனும் வந்திருந்தான். என் தட்டில் இருந்ததையெல்லாம் அம்மா துண்டு துண்டாக நறுக்கி வைத்தாள், மூன்று வயதுப் பிள்ளைக்கு வைப்பது போல. வேண்டாம் என்று சொன்னால் அழுவாள்.

பீட்டா பற்றிச் சொன்னேன். வாய் சும்மா இருந்தால்தானே.

“ஏண்டி, நாப்பத்திரெண்டு வயசுல பொம்மை விளையாட்டா?” என்றாள் அம்மா.

“அண்ணன் ஐம்பது வயசுல கிரிக்கெட் பாத்துக் கத்துறான். அவனைக் கேட்டியா?”

அண்ணன் சிரித்துக்கொண்டே, “பாவம், விடும்மா. வேற என்னதான் பண்ணுவா?” என்றான்.

அவன் எனக்குப் பரிந்து பேசியதாக நினைத்துக்கொண்டான். அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அது எனக்கு வெந்த புண்ணில் வேல். வேறு என்ன பண்ணுவேனா? காலையில் எட்டு நாயைப் பிடித்து ஊசி போட வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு, கோட்டையையும் காப்பேன். அதைத்தான் பண்ணுவேன்.

மார்ச் 14, சனி

முன்பே பதிவு செய்தவர்களில் குலுக்கல் போட்டு, சிலரை மட்டும் இரண்டு நாள் முன்னதாக உள்ளே விடுகிறார்கள். எனக்கு விழவில்லை. வாத்திக்கும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு விழுந்தது. அவன் நிஜமாகவே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், அதனால் அந்தப் பெயர். சரியாக அந்த இரண்டு நாளும் அவனுக்கு இரட்டை டூட்டி.

“கடவுள் இருக்காருக்கா. ஆனா எங்க ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருக்காரு” என்று புலம்பினான். வாத்தியும் நானும் வயிறு குலுங்கச் சிரித்தோம். வாத்தி கணக்கு வாத்தியார். சாதாரணமாகச் சிரிக்கமாட்டார்.

மார்ச் 19, வியாழன்

முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதால் காலையிலேயே டவுன்லோடு போட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதிதான் வந்திருக்கிறது. இவர் பெடலைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டு, மாட்டிக் கொடுத்தார். “புதுக் கோட்டைக்குப் பழைய பெடல் போதுமா?” என்று கேட்டார். “கால் பழசுதானே” என்றேன்.

அரை நாள் விடுப்பு கேட்டபோது டாக்டரம்மா, “என்ன விசேஷம்?” என்றார்.

“ஒரு கோட்டையைக் காக்கணும் டாக்டர்.”

“யாரோடது?”

“எங்களோடதுதான்.”

மேலே ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷி.

மார்ச் 20, வெள்ளி

மதியம் திறந்தார்கள். வரிசையில் என் முன்னால் நாற்பதாயிரம் பேர். பரவாயில்லை, ஆறு வருடம் நின்றவளுக்கு இது என்ன. தேநீர் போட்டுக்கொண்டேன். துணி மடித்தேன். எண் குறைவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் முடித்தேன்.

உள்ளே விட்டார்கள்.

கடல். அந்தக் கடலைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். வாத்தி, “மதிலு, மேல பாருங்க” என்றார். நாங்கள் மூவரும் கோட்டை மேல் நின்று சண்டையே போடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பெடலை மிதித்து ஓரடி வைத்தேன். திரை கறுத்தது. ‘அனுமதியற்ற கருவி கண்டறியப்பட்டது. ஏமாற்று முயற்சியாகக் கருதி வெளியேற்றப்படுகிறீர்கள்.’

ஏமாத்தா? நானா?

மறுபடி வரிசை. மறுபடி உள்ளே. மறுபடி ஓரடி. மறுபடி அதே வாசகம். மூன்றாவது தடவை, ‘தொடர்ந்தால் உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படும்’ என்று வந்தது.

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 21, சனி

பெடலைக் கழற்றிவிட்டு, வெறும் கையோடு போனேன். விசைகளை மாற்றும் பக்கத்தையே காணோம். அது பீட்டாவில் இல்லையாம். சரி, அவர்கள் வைத்தபடியே ஆடிப் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு வாசல். முதல் வாசலைத் தாண்டிவிட்டேன், தத்தித் தத்தி. இரண்டாம் வாசலில்தான் வந்தது வினை. அங்கே கேடயத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். கேடயம் உயர, கீபோர்டில் ஒரு விசையையும் மௌஸில் ஒரு பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் இறங்கிவிடும். கீபோர்டுக்கு ஒரு கை, மௌஸுக்கு ஒரு கை. அதாவது, இரண்டு கை இல்லாதவள் கேடயம் பிடிக்கக் கூடாது.

இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அந்த ஒரு விசையை நான் பிடிச்சுக்கறேன். நீ சொல்லு.”

“இப்ப!”

“எப்ப?”

“இப்பன்னு சொன்னேன்ல! போச்சு.”

மறுபடி.

“இப்ப! விடுங்க. விடுங்கன்னா! ஐயோ, இப்ப பிடிங்க!”

“பிடிக்கச் சொல்றியா விடச் சொல்றியா? லிஃப்டுக்குக்கூட ஒரு நேரத்துல ஒரு பட்டன்தான்டி!”

சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இன்னொருத்தர் கை வேண்டாம் என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றார். நல்ல மனசோடு வந்தவரைக் கடித்துக் குதறிவிட்டேன் என்று தெரிகிறது. ஆனாலும் நான் கத்திச் சொன்னது உண்மைதான். குளிக்க, கொக்கி மாட்ட, புட்டி திறக்க, எல்லாவற்றுக்கும் இவரைக் கூப்பிடுகிறேன். கோட்டைக்குள்ளும் கூப்பிட வேண்டுமா?

மார்ச் 22, ஞாயிறு

நிறுவனத்துக்குக் குறை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில்: ‘உங்கள் கருத்துக்கு நன்றி. சண்டை கடினமாக இருந்தால் பார்வையாளர் முறையில் நண்பர்களின் ஆட்டத்தைக் கண்டு மகிழலாம்.’

கண்டு மகிழணுமாம்! படிக்காமலே ஒரு இயந்திரம் அனுப்பிய பதில். குதிரை ஓட்ட வந்தவளிடம் குதிரைப் படம் கொடுத்த கதை.

சாயங்காலம் குழுவில் பேசினோம். ஆம்புலன்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “பரவால்லக்கா. நீங்க பார்வையாளரா இருங்க. எங்க யார் வர்றான்னு மேலருந்து சொல்லுங்க. நாங்க ஆடுறோம்.”

வாத்தி அதற்கு, “ஆமா, அதுவும் ஒரு வேலைதானே” என்றார்.

எப்போதும் என்னைத் திட்டித் தீர்ப்பவர்கள் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள்! “மேலருந்து சொல்ல நான் காக்கா இல்ல” என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். இப்போது தெளிவாகத் தெரிகிறது. இந்தப் பத்து நாளுக்குள் திருத்தவைக்காவிட்டால் ஆகஸ்டில் அவர்கள் புதுக் கோட்டைக்குப் போவார்கள். எனக்குப் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. அவர்கள் இருவரும் என்னோடு மெதுவாகவே பேசிக்கொண்டு, கொஞ்ச நாளில் பேசாமலே போய்விடுவார்கள்.

மார்ச் 23, திங்கள்

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

நேற்று நான் கோபித்துக்கொண்டு போனதும் இரண்டு பேருக்கும் மனசு கேட்கவில்லையாம். என் புகாரை அப்படியே நகல் எடுத்து, தங்கள் பெயரில், பழைய குழுக்காரர்கள் பெயரில், தெரிந்தவன் தெரியாதவன் பெயரிலெல்லாம் நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே வாசகம், ஒரே புள்ளி, ஒரே காற்புள்ளி. குப்பை அஞ்சல் என்று முடிவு கட்டிய அந்த இயந்திரம் மூலப் புகார் யாருடையது என்று தேடி, என் கணக்கைப் பீட்டா முடியும்வரை முடக்கிவிட்டது. அவர்கள் கணக்குகளுக்கு ஒரு எச்சரிக்கையோடு சரி.

“சத்தியமா உதவியாத்தான்க்கா செஞ்சோம்” என்றான் ஆம்புலன்ஸ், அழுகிற குரலில்.

“ஒரு கணக்கு வாத்தியார், பரிட்சைல காப்பி அடிச்சவனைப் பிடிக்கறவரு, அவருமாடா?”

வாத்தி மறுமுனையில் தொண்டையைச் செருமினார். திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்ததும் மூன்று நாளில் முதல் முறையாக நன்றாகப் பசித்தது.

மார்ச் 24, செவ்வாய்

கிளினிக்கில் ஒரு மூன்று கால் நாய் வந்தது. நல்ல நாய், வந்ததும் குப்பைக்கூடையைக் கவிழ்த்தது. அதன் சொந்தக்காரர் என் கையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டார். “இதப் பாருங்கம்மா, மூணு கால்லயே எப்படி ஓடுது! நீங்களும் மனச விடாதீங்க” என்றார்.

“நான் மனச விடலைங்க. உங்க நாயைக் கொஞ்சம் பிடிங்க, அது என் செருப்பைத் தின்னுது” என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொதித்தது. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. நான் எழுதிய புகாரைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். விபத்து, நரம்பு, மூன்று வருடம், இதுதான் எனக்கிருக்கும் ஒரே மகிழ்ச்சி... நானே அந்த மனிதர் மாதிரிதான் எழுதியிருக்கிறேன்! கண்ணீரை எந்த விளையாட்டுக்காரன் படிப்பான்? நானே படிக்கமாட்டேன். விளையாட்டுக்காரனுக்கு உறைப்பது ஒன்றே ஒன்றுதான்: உன்னால் முடியாது என்று சொல்ல வேண்டும்.

கணக்குதான் முடங்கியிருக்கிறது. எல்லோரும் கூடிப் பேசும் மன்றம் திறந்துதான் இருக்கிறது. என் கையைப் பற்றி எதுவும் எழுதாமல் ஐந்தே வரி போட்டேன்:

‘கரைக்காவல் வீரர்களே, உங்களில் யாராவது ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டாம் வாசலைத் தாண்டிக் காட்டுங்கள். உங்களால் முடியாது. சொல்பவள் முதல் பாகத்தில் கேடயக்காரி, மதில். முடிந்தால் வீடியோ போடுங்கள், முடியாவிட்டால் எந்த இடத்தில் செத்தீர்கள் என்று குறை எழுதி அனுப்புங்கள். சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.’

கடைசி வரி இரண்டு பேருக்காக.

மார்ச் 25, புதன்

முதல் பதில்: ‘முடியலன்னா போய்ப் பல்லாங்குழி ஆடு.’ இரண்டாவது: ‘பெண்களுக்கு இது எதற்கு?’ மூன்றாவது: ‘நான் தாண்டிவிட்டு வந்து பேசுகிறேன்.’

அந்த மூன்றாமவன் சாயங்காலம்வரை வரவில்லை. பிறகு வந்து, ‘பத்து நிமிடம் பொறு’ என்று போட்டான். அதன்பிறகும் வரவில்லை.

வாத்தியும் ஆம்புலன்ஸும் இன்று வலது கையைத் துண்டால் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். வாத்தி சொன்னது: “மதிலு, நான் இருபத்தஞ்சு வருஷமா பசங்களுக்கு முயற்சி திருவினையாக்கும்னு சொல்லிட்டு இருக்கேன். இன்னிக்கு அந்த வாசல்ல வாபஸ் வாங்கிட்டேன்.”

மார்ச் 26, வியாழன்

தீ மாதிரி பற்றிக்கொண்டது! ‘ஒற்றைக் கை ஓட்டம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒருவன் மூக்கால் விசையை அழுத்தினான். கேடயம் உயர்ந்தது, அவனுக்குத் திரைதான் தெரியவில்லை. ஒருவன் விசை மேல் சப்பாத்திக் கட்டை மாதிரி எதையோ வைத்தான். அவனையும் ஏமாற்றுக்காரன் என்று வெளியே தள்ளியது. வா தம்பி, வா, என் பக்கத்தில் உட்கார்.

‘புயல்’ என்று ஒரு ஆட்டக்காரன், லட்சம் பேர் பார்க்க ஆடுகிறவன், இன்று மத்தியானம் இறங்கினான். சாப்பாட்டு நேரத்தில் கிளினிக் பின்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கத்தில் ஒரே எகத்தாளம். எண்ணிக்கை விட்டுப்போகிற அளவுக்குச் செத்தான். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கால் கட்டைவிரலை மௌஸ் மேல் வைத்து, நாற்காலியில் கோணலாகப் படுத்து, எப்படியோ தாண்டிவிட்டான். தாண்டியதும் குதிப்பான் என்று நினைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, “தாண்டிட்டேன். ஆனா இது ஆட்டம் இல்லங்க, தண்டனை. எதுக்கு ரெண்டு பட்டன்? ஒண்ணு போதுமே?” என்றான்.

அதைத்தானடா நானும் கேட்டேன்! டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துவிட்டு நான் மறந்துபோனதில், டாக்டரம்மாவின் நாய் என் மதியச் சாப்பாட்டைத் தின்றுவிட்டது. தின்னட்டும்.

மார்ச் 27, வெள்ளி

மன்றத்தில் இன்று வேறு மாதிரி ஆட்களும் எழுதுகிறார்கள். மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்ட ஒருத்தன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே ஆடுகிற ஒருத்தி, ‘ஐந்து மாதமாக நானும் ஒற்றைக் கைக்காரிதான்’ என்கிறாள். கை நடுங்கும் ஒருவர். எல்லோரும் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? என்னைப் போலத்தான், தங்கள் மேல்தான் தப்பு என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

மார்ச் 28, சனி

நிறுவனத்திலிருந்து கடிதம். இந்த முறை இயந்திரம் இல்லை, மனுஷன். சண்டைகளை வடிவமைக்கிறவர். யார் எங்கே சாகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தில் இரண்டாம் வாசல் ரத்தச் சிவப்பாக இருக்கிறதாம். விசாரித்துப் பார்த்ததில் என் பழைய புகாரும் கணக்கு முடங்கியதும் தெரியவந்ததாம். மன்னிப்புக் கேட்டிருந்தார், முடக்கத்தையும் நீக்கிவிட்டார். அதுவரை சரி.

பிறகு எழுதியிருந்தார்: ‘உங்கள் கதை எங்கள் குழுவை நெகிழவைத்தது. உங்களை வைத்து ஒரு சிறிய வீடியோ எடுத்து வெளியிட விரும்புகிறோம். மாற்றங்களைப் பரிசீலிக்க அது மேலிடத்தில் எங்களுக்கு உதவும்.’

இவரிடம் காட்டினேன். இவர் இரண்டு முறை படித்துவிட்டு, “குடுத்துடேன். அஞ்சு நிமிஷ வீடியோ. பண்ணிக் குடுத்துடுவாங்கல்ல?” என்றார்.

“நான் அழுதாத்தான் பொத்தானை மாத்துவாங்களா?”

“அழ வேண்டாம். சும்மா உக்காந்துக்கோ.”

“நான் சும்மா உக்காந்தா பின்னாடி அழுகைப் பாட்டு போடுவாங்க.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “முடியாதுன்னு சொல்லி, அவங்களும் முடியாதுன்னு சொல்லிட்டா? அப்புறம் உனக்கு ஆட்டமே இல்லடி. யோசிச்சியா?”

யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன். பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். வீடியோ கொடுத்தால் கிடைத்துவிடும். ஊர் பார்க்கும், கைதட்டும், அம்மா அழுவாள், அண்ணன் எல்லோருக்கும் அனுப்புவான். அதற்கப்புறம் கோட்டைக்குள் நான் நுழையும்போதெல்லாம் வருகிறவன் போகிறவன் எல்லாம் ‘அந்த வீடியோ அக்கா’ என்று வழிவிடுவான். என்னைத் தாக்க வருகிறவன்கூடத் தயங்குவான். அப்படியொரு மதில் எதற்கு?

பதில் அனுப்பினேன்: ‘ஐயா, வீடியோ வேண்டாம். வேண்டியது மூன்று. விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதி. அழுத்திப் பிடிப்பதற்குப் பதில் ஒருமுறை தட்டினால் உயரும் கேடயம். பெடலை ஏமாற்று என்று சொல்லாத காவல் நிரல். இது எனக்குச் செய்கிற உதவி இல்லை. உங்கள் வாசலில் இருக்கிற பழுது. பீட்டா வைத்ததே பழுது சொல்லத்தானே? சொல்லிவிட்டேன்.’

அனுப்பிவிட்டுச் சமைக்கப் போனேன்.

மார்ச் 29, ஞாயிறு

பதில் இல்லை. பீட்டாவின் கடைசி நாள். கணக்கு திறந்துவிட்டதால் நானும் உள்ளே போனேன். இரண்டாம் வாசல்வரை தத்திப் போய், அங்கே போய் நின்று செத்தேன். மறுபடி போனேன், மறுபடி செத்தேன். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குறை எழுதினேன். வரைபடத்தில் சிவப்பு இன்னும் கொஞ்சம் ஏறட்டும்.

மாலையில் எல்லோருடைய கணக்கும் அழிக்கப்பட்டது. பீட்டாவில் சேர்த்த எதுவும் மிஞ்சாது, அது விதி. புயலுக்கும் பூஜ்யம், எனக்கும் பூஜ்யம்.

“ஆகஸ்ட்ல பாப்போம்க்கா” என்றான் ஆம்புலன்ஸ். பரவால்ல என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டான். கேட்டது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

மே 30, சனி

அண்ணனுக்கு எவனோ சொல்லியிருக்கிறான் போல. “வீடியோ கேட்டாங்களாமே, மாட்டேன்னுட்டியாமே? உனக்கு ஏன் இவ்வளவு திமிரு?” என்று போனில் கேட்டான்.

“ஆமா, திமிருதான். கையில இருந்த தெம்பெல்லாம் தலைக்கு வந்துடுச்சு” என்றேன்.

சமாளித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். உள்ளே ஒன்று அரித்துக்கொண்டேதான் இருக்கிறது. திமிர் பிடித்துப் போய், இருந்ததையும் இழந்துவிட்டேனோ? இழந்தாலும் சரி. அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றி எழுதமாட்டேன்.

ஜூலை 26, ஞாயிறு

பழைய கோட்டையில் கடைசி வாரம், சர்வரைச் சொன்னதற்கு முன்பே மூடுகிறார்கள். மூவரும் ஆடினோம். ஜெயித்தோம்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

விடுப்பு எடுக்கவில்லை. எடுத்து, அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் நாள் முழுக்க வீட்டில் என்ன செய்வது? கிளினிக் முடிந்துதான் வந்தேன். வாத்தியும் ஆம்புலன்ஸும் எனக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே போயிருக்கவே இல்லை.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்தேன். விசைகள். மாற்று. கேடயம்: அழுத்திப் பிடிக்க / ஒருமுறை தட்ட. வேறு கருவிகள்: அனுமதி. என் பெயரோ விளக்கமோ நன்றியோ எதுவும் போடவில்லை. ஒலி அளவுக்கும் திரை வெளிச்சத்துக்கும் நடுவே, இது என்னவோ பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பது போல இருந்தது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் குனிந்து பெடலை மாட்டினார். நிமிர்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கண்டுகொள்ளவில்லை.

முதல் வாசல். தாண்டினோம். இரண்டாம் வாசல். தட்டினேன், கேடயம் ஏறியது. பெடலை மிதித்தேன், பின்னால் நடந்தேன். ஏமாற்று என்று யாரும் சொல்லவில்லை. கேடயத்தில் அடி விழுகிற சத்தம், என் தோளுக்கே கேட்டது. தாண்டினோம்! ஹா!

மூன்றாம் வாசலில் இடது பக்கம் கடல் தெரிந்தது. பீட்டாவில் நான் பார்க்காத கடல். சூரியன் இறங்குகிற நேரம். ஒரு நிமிடம் பார்க்கலாமே என்று வாசலை விட்டு நகர்ந்தேன். அவ்வளவுதான். எதிரிகள் கூட்டமாக உள்ளே புகுந்து ஆம்புலன்ஸை அடித்து, வாத்தியை அடித்து, கோட்டையைக் கொளுத்திவிட்டார்கள். கை சரியாக இருந்தது, பெடல் சரியாக இருந்தது. தப்பு சுத்தமாக என்னுடையது.

இப்போது என்ன சொல்லப் போகிறார்கள்? மறுபடியும் ‘பரவால்லக்கா’ என்றா?

“அக்கா! உங்களுக்கு கண்ணு முதுகுலயா இருக்கு? எங்க போய்த் தொலைஞ்சீங்க?” என்று அலறினான் ஆம்புலன்ஸ். “ஒரு வாசல்! ஒரே ஒரு வாசலைப் பாத்துக்கச் சொன்னா கடலைப் பாக்கப் போயிட்டாங்க!”

“மதில்னு பேரு வேற” என்றார் வாத்தி. “வேலின்னுகூடச் சொல்ல முடியாது. என் மூணாங்கிளாஸ் பசங்க இதைவிட ஒழுங்கா நிப்பாங்க.”

இன்னும் நிறையத் திட்டினார்கள். எழுத இடம் போதாது. இவர் கதவருகே வந்து, “என்னடி ஆச்சு, அழறியா?” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் திட்டி முடிக்கும்வரை காதில் மாட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.